கடல் பாம்பு கடித்தும் வலிக்கவில்லை என்றால்...

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போன மாதம் வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது கடல் பாம்பு விரலில் கடித்திருக்கிறது. வலியே இல்லையாம். ஊரில் ஒருவர் கல் வைத்து விஷத்தை எடுத்துவிட்டாராம், ஆளும் நன்றாக இருக்கிறார். மறுபடி இப்படி நடந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டுமா, பாம்புக்கடி ஊசி போட்டால் போதுமா என்று கேட்கிறார்.

போகத்தான் வேண்டும், உடனே போக வேண்டும். கடல் பாம்பின் நச்சுப்பல் ரொம்பச் சின்னது, கடித்த இடம் வீங்காது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. அதன் விஷம் கடிவாயில் வேலை செய்வதில்லை, உடம்பிலுள்ள தசைகளைச் சிதைக்கிறது. அரை மணியிலிருந்து மூன்று நான்கு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் வலி, கழுத்து விறைப்பு, வாய் திறக்க முடியாத இறுக்கம் வரும், அப்புறம் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். அந்த நிறம் வந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, இதயத்துக்கும் ஆபத்து.

அப்படியானால் அந்தக் கல் எப்படி வேலை செய்தது? செய்யவில்லை. கடல் பாம்புக்கு விஷம் மீனைப் பிடிப்பதற்கு. ஆளைக் கடிக்கும்போது பல தடவை அது விஷத்தை இறக்குவதே இல்லை. அப்படித் தப்பித்தவர்களெல்லாம் கல்லுக்கும் வேருக்கும் சாட்சியாகிவிடுகிறார்கள், விஷம் ஏறினவன் சாட்சி சொல்ல வருவதில்லை. கல் வைக்கிறவர்களைக்கூட அறியாமை என்று விடலாம். "கடல் பாம்புக்குத் தனி மருந்து இருக்கிறது, வரவழைத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கிறவர்களிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அந்த விஷமுறிவு மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது, இங்கே எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது.

நம் நாட்டு ஊசி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலு தரைப் பாம்புகளுக்கு மட்டும் செய்தது. கடல் பாம்பு விஷத்துக்கு அது கேட்காது. இவ்வளவு நீளக் கடற்கரையை வைத்துக்கொண்டு, இத்தனை ஆயிரம் பேர் தினம் வலையில் கைவிடுகிற நாட்டில், இதற்கு ஒரு மருந்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத கோபம். 2024-ல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக, அதாவது ஒவ்வொரு கடியையும் ஆஸ்பத்திரி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று ஆக்கியது. சரி, நல்லது. கடலில் கடிபட்டவன் ஆஸ்பத்திரிக்கே வராமல் இருந்தால் அவன் எந்தக் கணக்கில் வருவான்?

ஒன்றை மட்டும் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இதில்தான் உயிர் போகிறது. ஊசி கேட்காது என்று நான் சொன்னது கடலில், வலையில் கடித்ததற்கு. இரவில் கரையில் மணலில் படுத்திருக்கும்போதோ, குடிசைத் தரையில் தூங்கும்போதோ கடித்தால் அது கட்டுவிரியனாக இருக்கலாம். அந்தக் கடியும் வலிக்காது, வீங்காது. விடிகாலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று வரும். அதற்கு ஊசி கட்டாயம் வேண்டும். சில கடல் பாம்புகளுக்கும் கட்டுவிரியன் மாதிரியே பட்டை இருப்பதால் கரையில் பார்த்துவிட்டு "இது கடல் பாம்பு, ஊசி வேண்டாம்" என்று யாராவது முடிவு கட்டிவிடுவார்கள். வாலைப் பாருங்கள். கடல் பாம்புக்கு வால் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், கட்டுவிரியனுக்கு உருண்டு கூராக முடியும். பார்க்க முடியவில்லையா, தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கரையில் கடித்தது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், போதும்.

ஆஸ்பத்திரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடச் சோதனை செய்வார்கள். கடல் பாம்புக் கடியில் ரத்தம் ஒழுங்காகவே உறையும், உடனே "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுகிறார்கள். போகாதீர்கள். "கடலில் கடித்தது, சிறுநீரும் சிபிகே-யும் பொட்டாசியமும் பாருங்கள், ஒரு நாள் வைத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். சிபிகே என்பது தசை சிதைவதைக் காட்டும் ரத்தச் சோதனை. தேவைப்பட்டால் டயாலிசிஸ், செயற்கை சுவாசம், இவைதான் வைத்தியம். கூப்பிட வேண்டியது 108. வாசலில் நின்று "இங்கே மருந்து இல்லை, நான் நல்ல இடம் காட்டுகிறேன்" என்பவருக்கு அங்கே கமிஷன் இருக்கிறது.

படகிலேயே கடித்தால் கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். மோதிரத்தைக் கழற்றி, கையை ஒரு சட்டத்தோடு அசையாமல் கட்டி, மற்றவர்கள் படகை ஓட்டட்டும்.

பாம்பின் மேல் கோபப்படவும் வேண்டாம். அதற்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான், அது கிட்டத்தட்ட வால் வரை நீண்டிருக்கும். மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும். வலை அதைக் கீழேயே பிடித்து வைத்தால் மூச்சுத் திணறிக் கடிக்கிறது. வயிற்றுச் செதில் சின்னது என்பதால் பலகையில் போட்டால் ஊர முடியாமல் துவண்டு கிடக்கும், செத்துவிட்டது என்று கையால் எடுப்பவர்தான் கடிபடுகிறார். கம்பால் தள்ளிக் கடலில் விடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு மாதமாகிவிட்டதால் பயப்பட ஒன்றுமில்லை. அந்த நாட்களில் சிறுநீர் கறுத்துப் போயிருந்தால் மட்டும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு தடவை கிரியாட்டினின் என்கிற சிறுநீரக ரத்தச் சோதனை பார்த்துவிடுங்கள்.