குப்பைத்தொட்டிக்கு முன்னால் மட்டை பிடிக்கும் பையன்

கேள்வி: ஆஸ்திரேலிய கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் யார் பழைய நினைவுகளைச் சொன்னாலும் 'கொல்லைப்புறத்தில்தான் கற்றேன்' என்கிறார்கள். பிராட்மன் ஸ்டம்பையும் கோல்ஃப் பந்தையும் வைத்துப் பழகினார் என்கிறார்கள். இதெல்லாம் பிற்பாடு பூசிய மெருகுதானே? என் ஒன்பது வயது மகன் பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு குப்பைத்தொட்டியை நிறுத்தி, டென்னிஸ் பந்தில் ஆடுகிறான். டெக்னிக் கெட்டுவிடும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, வாரம் நான்கு நாள் பயிற்சி மையத்துக்கு அனுப்பப் போகிறேன். சரிதானே?
- ஒரு வாசகர், வென்ட்வொர்த்வில், சிட்னி

பதில்: சரியில்லை.

மெருகு என்று ஒதுக்குமுன் அளவுகளைப் பாருங்கள். பிராட்மன் வளர்ந்த பௌரலில், ஷெப்பர்ட் தெரு வீட்டின் பின்புறம் 800 காலன் தண்ணீர்த் தொட்டி ஒன்று, வட்டமான செங்கல் மேடைமேல் நின்றது. அங்கிருந்து சலவை அறைக் கதவுக்குச் சுமார் எட்டடி. பையன் பந்தை மேடைமீது எறிவான். அது திரும்பி வருவதற்குள் இரண்டு கையாலும் ஸ்டம்பைப் பிடித்து அடிக்க வேண்டும். மட்டையின் அகலம் 10.8 செ.மீ. வரை போகலாம், ஸ்டம்ப் 3.8 செ.மீ.தான். இதில் எல்லோரும் ஸ்டம்பைப் பார்க்கிறார்கள், மேடையை விட்டுவிடுகிறார்கள். தட்டையான சுவரில் எறிந்தால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எறிகிறவனுக்கே தெரிந்துவிடும். வளைவில் எறிந்தால், ஒரு விரற்கடை தள்ளிப் பட்டாலும் பந்து வேறு பக்கம் வரும். பந்து வந்த பிறகுதான் முடிவெடுக்க முடியும். அதே பந்தை வெளியே எடுத்துப் போய், பத்துப் பதினைந்து கெஜத்திலிருந்து வேலியின் ஒரு குறுக்குக் கட்டையைக் குறிவைத்தும் எறிவார். பட்டால் கைக்குத் திரும்பும், தவறினால் நடந்து போய்ப் பொறுக்க வேண்டும். ஃபீல்டிங் பயிற்சிக்கு இதைவிடக் கறாரான வாத்தியார் கிடைக்க மாட்டார்.

உடனே கோல்ஃப் பந்து வாங்க ஓடாதீர்கள். எட்டடியில் அது கண்ணைப் பறித்துவிடும். ஒன்பது வயதுக்கு ஸ்டம்பும் டென்னிஸ் பந்தும் போதும்; சுவருக்கும் பையனுக்கும் நான்கு மீட்டர் இடைவெளி இருக்கட்டும். சுவரைவிடப் படிக்கட்டின் விளிம்பு நல்லது, பந்து ஏறுக்குமாறாக வரும்.

டெக்னிக் கெடுகிறது என்கிறீர்களே, அந்தப் பிள்ளைகள் வைத்திருக்கும் சட்டங்களைக் கவனித்தீர்களா? வேலியைத் தாண்டினால் ஆறு ரன், ஆனால் அவுட். பந்தை எடுத்து வருவதும் அவன் வேலை. இதில் நாலு தடவை மாட்டியவன் பந்தைத் தரையோடு அடிக்கத் தொடங்குவான். (டெஸ்ட்டில் 6,996 ரன் எடுத்த பிராட்மன் அடித்த சிக்ஸர்கள் மொத்தம் ஆறு.) ஒரு தடவை எகிறிய பந்தை ஒரே கையால் பிடித்தாலும் அவுட் என்பது இன்னொன்று. கையை இறுக்கித் தடுத்தால் பந்து எகிறிப் போய்ப் பக்கத்தில் நிற்பவன் கையில் விழும், அதனால் பிடி தானாகத் தளரும். விக்கெட் கீப்பருக்கு ஆள் இல்லாததால், மட்டையில் உரசிப் பின்னால் போனாலே அவுட். வெளியே போகிற பந்தைத் தொடாமல் விட இது கற்றுக்கொடுக்கும். பந்து மட்டையில் பட்டால் ஓடியே ஆக வேண்டும் என்ற சட்டமும் இருந்தால் ஒற்றை ரன் திருடவும் வந்துவிடும்.

கெடுக்கிற விஷயங்களும் உண்டு, அவற்றைத் திருத்துங்கள். முதல் குற்றவாளி குப்பைத்தொட்டி. நகராட்சி தரும் 240 லிட்டர் தொட்டி ஒரு மீட்டருக்கும் மேல் உயரம், 58 செ.மீ. அகலம். உண்மையான விக்கெட்டின் உயரம் 71 செ.மீ., அகலம் 23 செ.மீ. கூட இல்லை. தொட்டியைக் காக்கிற பையன் விட வேண்டிய பந்தையெல்லாம் துரத்துவான். பந்து போடுகிறவனோ எங்கே எறிந்தாலும் விக்கெட் எடுப்பான். வெள்ளை டேப்பால் தொட்டியில் 71-க்கு 23 என்று ஒரு கட்டம் ஒட்டுங்கள், அதற்குள் பட்டால்தான் அவுட். இரண்டாவது, எல்.பி.டபிள்யூ., அதாவது விக்கெட்டுக்குப் போகிற பந்தைக் காலால் மறைத்தால் அவுட் என்ற சட்டம். சண்டை வரும் என்று அதை எல்லாக் கொல்லையிலும் எடுத்துவிடுவார்கள். பையன்கள் காலை நட்டுவைத்து மறைக்கப் பழகுவார்கள். தொடர்ந்து இரண்டு பந்து காலில் பட்டால் அவுட் என்று வையுங்கள். மூன்றாவது, ஒரு பக்க வேலி கிட்டத்தில் இருந்தால் அந்தப் பக்க ஷாட்டே வராமல் போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியை எதிர்முனைக்கு மாற்றினால் போதும்.

டென்னிஸ் பந்தின் ஒரு பாதியில் மட்டும் எலக்ட்ரிக்கல் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒற்றை அடுக்காக ஒட்டுங்கள். ஸ்விங் ஆகும். எந்தப் பக்கம் வளையும் என்று நீங்கள் சொல்லித் தராதீர்கள், அவனே திருப்பித் திருப்பிப் பிடித்துப் போட்டுப் பார்க்கட்டும். அடுக்கு கூடினால் பந்து கனத்து ஜன்னலை உடைக்கும்.

கொல்லையால் தர முடியாதது, தையல் போட்ட கடினப் பந்தின் எகிறலும் அதைக் கண்டு அஞ்சாத மனமும். அடிலெய்டில் சாப்பல் சகோதரர்களின் அப்பா மார்ட்டின் வீட்டிலும் கடினப் பந்துதான் என்று பிடிவாதமாக இருந்தார்; இயன், கிரெக், டிரெவர் மூவருமே டெஸ்ட் ஆடினார்கள். ஆனால் அதே அப்பா இயனை ஞாயிறு காலைதோறும் லின் ஃபுல்லர் என்ற பயிற்சியாளரிடமும் அனுப்பினார். நினைவு சொல்லும்போது இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் மங்கிவிடுகிறது. பிராட்மன் கதையிலும் இப்படி ஒரு மறைவு உண்டு: 1926-இல் பதினெட்டு வயதில்தான் அவர் முதன்முதலாகப் புல்தரை ஆடுகளத்தில் ஆடினார். அதுவரை சிமென்ட்டும் அதன்மேல் விரித்த பாயும்தான்.

கொல்லைப்புறம் நல்லதை மட்டுமே கற்றுத் தரும் என்றும் எண்ண வேண்டாம். 1981 பிப்ரவரி 1, மெல்போர்ன், கடைசிப் பந்தில் ஆட்டத்தைச் சமன் செய்ய நியூசிலாந்துக்கு ஆறு ரன் தேவை. ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக், தம்பி டிரெவரைப் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார், தம்பி உருட்டினார். அன்றைய சட்டம் அதை அனுமதித்தது, நாடே முகம் சுளித்தது. அண்ணன் சொன்னால் தம்பி செய்வது எந்த முற்றத்துப் பழக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, வாரத்துக்கு ஒரு நாள் பயிற்சி: கடினப் பந்து, கிரில் வைத்த ஹெல்மெட், கால்காப்பு, கையுறை எல்லாம் அங்கே. ஜூனியர் முதல் கட்டத்தில் 142 கிராம் பந்தும் 16 மீட்டர் பிட்சும்தான், அடுத்த கட்டத்தில் 18 மீட்டர். அவசரப்பட்டு 156 கிராம் பந்தை வாங்கிவிடாதீர்கள். சனிக்கிழமை கிளப் ஆட்டம். மற்ற நாள்களில் கொல்லை. அங்கே நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து 'முழங்கையை உயர்த்து' என்று சொல்லக் கூடாது. வேண்டுமானால் ஃபீல்டிங் செய்யுங்கள், ஆள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.