மகளுக்குப் பள்ளி தேடும் காட்பாடித் தங்கைக்கு

காட்பாடியிலிருந்து தங்கை ஒருவர் எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் குடும்பத்தோடு கனடாவின் டொரொன்டோவுக்கு வருகிறார்கள். மகளுக்கு ஏழு வயது. தமிழ்ப் பிள்ளைகள் நிறைய இருக்கும் ஸ்கார்பரோ பகுதியில் வீடு பார்ப்பதா, வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பக்கம் போவதா என்று கேட்கிறார். கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி மட்டும் வேண்டாம் என்று கணவரின் நண்பர் எச்சரித்தாராம். அது சரியா என்றும் கேட்கிறார்.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அந்த உரிமையில் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த நண்பர் சொன்னது உங்கள் மகளின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

என் மகன் இரண்டாம் வகுப்புப் படித்தபோது அவன் பக்கத்தில் சோமாலியக் குடும்பத்துப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இருவரும் இணைபிரியாமல் திரிவார்கள். ஒருநாள் பந்துக்காகச் சண்டை வந்து, என் மகன் அவன் நிறத்தைச் சொல்லி ஒரு தமிழ் வார்த்தையால் திட்டிவிட்டான். பக்கத்தில் நின்ற ஈழத்துப் பிள்ளை அதற்குப் பொருள் சொல்லிவிட்டது. மாலையில் ஆசிரியை எங்களை அழைத்தார். குரலை உயர்த்தவில்லை. "இந்த வார்த்தையை இவன் எங்கே கேட்டிருப்பான்?" என்று மட்டும் கேட்டார். நானும் கணவரும் வாய் திறக்கவில்லை. பஸ்ஸிலும் கடையிலும் சாப்பாட்டு மேசையிலும், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் நாங்கள் புழங்கிய வார்த்தை அது.

மறுநாள் காலை பள்ளி வாசலில் அந்தப் பையனின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இன்று வரமாட்டேன் என்று அழுதான். நான்தான் சமாதானம் சொல்லிக் கூட்டிவந்தேன்" என்றார். 10 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தத் தாயின் முகம் எனக்கு மறக்கவில்லை.

பலதரப்பட்ட பிள்ளைகளோடு பழகுவது உங்கள் மகளுக்குப் புதிதாக இருக்கப்போவதில்லை. வேலூரில் பிறந்த பிள்ளைக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். அங்கே நான் படித்த வகுப்பில் வீட்டில் உருது பேசுகிறவர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குக்காரப் பிள்ளைகள், சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை செய்த மலையாளச் செவிலியர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ரம்ஜான் மாதத்தில் தோழி வீட்டு நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் எங்கள் வீட்டுக்கு வரும். பாபு ராவ் தெரு, காந்தி ரோடு பக்கம், அந்த மருத்துவமனைக்கு வரும் வங்காளிகளுக்காக வங்காள எழுத்தில் வைத்த பலகைகளைப் பார்த்தே வளர்ந்தோம்.

ஆனால் அதே வகுப்பில் காலனியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் படித்தாள். கணக்கில் அவள்தான் முதல். ஒருநாள் வீட்டுப்பாடம் எழுத என்னோடு வந்தாள், தாகம் என்றாள், தண்ணீர் கொடுத்தேன். அவள் போன பிறகு எங்கள் ஆயா (பாட்டி) அந்தத் தம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து, மற்றப் பாத்திரங்களோடு சேர்க்காமல் திண்ணை ஓரம் கவிழ்த்து வைத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை, கேட்காமலே புரிந்துவிட்டது. வாயால் சொன்ன எந்தப் பாடத்தையும் விட அந்தத் தம்ளர்தான் என்னோடு விமானம் ஏறி இங்கே வந்திருக்கிறது. மகனின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த இரவு எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

இங்கேயும் நம்மவர்கள் பிறந்தநாள் விழாவில் ஊர்ப் பெயரைக் கேட்டு, தெருப் பெயரைக் கேட்டு, மெல்ல மெல்லச் சாதிக்கு வந்து சேர்வார்கள். பிள்ளைகளும் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். 2023 மார்ச்சில் டொரொன்டோ பள்ளி வாரியம் சாதிப் பாகுபாட்டைப் பற்றியே ஒரு தீர்மானம் நிறைவேற்றி, மாகாண மனித உரிமை ஆணையத்தின் உதவியைக் கோரியது. அந்த ஆண்டு அக்டோபரில் ஆணையமும் சாதிப் பாகுபாடு எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தின் மனித உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. கடல் தாண்டியும் இதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டிருக்கிறது என்பது எனக்கு வலிக்கிறது. விருந்தில் யாராவது உங்களிடம் அப்படிக் கேட்டால், மகள் கேட்கும்படியே "அது எங்கள் வீட்டில் பேசுகிற விஷயமில்லை" என்று சொல்லுங்கள்.

இனி வீட்டு விஷயம். இங்கே அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. பெரும்பாலும் வீட்டு முகவரியை வைத்துத்தான் பள்ளி. ஆகவே உங்கள் வேலைக்குப் போய்வர வசதியான இடத்தில், நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை எண்ணிப் பள்ளி தேட வேண்டாம். எந்தப் பக்கம் போனாலும் சீன, பிலிப்பினோ, கரீபியப் பிள்ளைகள் ஏதோ ஒரு கலவையில் இருப்பார்கள். ஸ்கார்பரோவில் ஒரு நன்மை உண்டு: பள்ளி வாரியமே நடத்தும் தமிழ் வகுப்புகள் கிடைக்கும். 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்த ஈழத்தவர்கள் பாடுபட்டு வளர்த்த தமிழ் இது. உங்கள் மகள் "தோழியோடு கதைத்தேன்" என்று வந்து சொன்னால் திருத்தாதீர்கள். பேசினேன் என்பதும் கதைத்தேன் என்பதும் இரண்டும் அவளுக்கு இருக்கட்டும்.

செப்டம்பர் தொடக்கத்தில் பள்ளி திறக்கும். பிறந்த ஆண்டை வைத்து வகுப்பில் சேர்ப்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் தனி ஆசிரியர் உதவுவார். அதை இறக்கமாக நினைக்க வேண்டாம். பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டால் முழுப் பெயரைப் பொறுமையாகச் சொல்லித்தர மகளைப் பழக்குங்கள்.

மதியச் சாப்பாட்டில் இரண்டு செய்திகள். நம் ஊர் மல்லாட்டை (வேர்க்கடலை) சட்னியைப் பல பள்ளிகளில் அனுமதிக்க மாட்டார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது உயிருக்கே ஆபத்து. நம்மை ஒதுக்குகிறார்கள் என்று எண்ண வேண்டாம். இன்னொன்று, முதல் வாரம் டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வரலாம். என் மகளின் புளிச்சோற்றைப் பார்த்து ஒரு பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டது. நான் பயந்து ஒரு மாதம் ரொட்டியே கொடுத்தனுப்பினேன். அது தவறு. ஆசிரியையிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்ன பிறகு அவர் எல்லாப் பிள்ளைகளையும் தங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசவைத்தார். மகள் மறுபடி புளிச்சோறு கேட்டாள்.

அந்தச் சோமாலியப் பையனுக்கு இப்போது 17 வயது. மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருவான். அவனுக்காக ஹலால் கறி வாங்கி, சீரகச் சம்பாவில் ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் செய்வேன். அவர்கள் வழக்கப்படி சோற்றோடு ஒரு வாழைப்பழத்தையும் கடித்துக்கொண்டு சாப்பிடுவான். என் மகனும் இப்போது அப்படித்தான் சாப்பிடுகிறான். நீங்கள் வந்ததும் ஒரு ஞாயிறு மகளை அழைத்துக்கொண்டு வாருங்கள்.