எடுத்த ஷாட்கள் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: நாங்கள் ஐந்து மாணவர்கள். வகுப்பில் காட்டுவதற்காக மூன்று நிமிடக் காட்சி ஒன்றை ஒரே ஃபோனில் எடுத்தோம். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து பேசுவதுதான் காட்சி. எடுக்கும்போது எல்லாம் நன்றாக இருந்தது. எடிட்டிங்கில் உட்கார்ந்தால் ஒரு ஷாட்டும் அடுத்ததோடு சேரவில்லை. வசனமும் தெளிவாகக் கேட்கவில்லை. மறுபடி எடுக்க இரண்டு வாரம் இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில், எடுத்ததை அழித்துவிடாதீர்கள். முதல் வாரம் கேமராவைத் தொடாமல், ஐந்து பேரும் தனித்தனியாக அதே ஷாட்களை வைத்து எடிட் செய்து பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அங்கே நிறுத்தி, 'இந்த இடத்தில் என்ன ஷாட் இருந்திருந்தால் தப்பித்திருப்போம்?' என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து தாள்களையும் சேர்த்துப் படித்தால் அதுதான் உங்கள் அடுத்த படப்பிடிப்புக்கான பட்டியல்.

அந்தத் தாள்களில் அடிக்கடி வரப்போவது 'கேட்பவர் முகம் இல்லை' என்பதாகத்தான் இருக்கும். மாணவர்கள் எடுத்த காட்சிகளை நிறைய எடிட் செய்து கொடுத்திருக்கிறேன், பெரும்பாலும் இதே குறைதான். பேசுபவரை எடுப்பார்கள், கட் சொல்வார்கள், பதில் சொல்பவரை எடுப்பார்கள், மறுபடி கட். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு துண்டு. எடிட்டருக்கு அப்போது ஒரே வழிதான் மிஞ்சும்: வசனம் முடிந்த இடத்தில் வெட்டி அடுத்ததை வைப்பது. பார்ப்பவர் கண் பந்துக்குப் பின்னால் ஓடுவதுபோல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடிக் களைத்துப்போகும்.

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் இன்னொரு முறை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டினார். ஒன்றில் பசியும் மற்றதில் துக்கமும் தெரிவதாகப் பார்த்தவர்கள் உணர்ந்தார்கள். முகம் மாறவே இல்லை, பக்கத்தில் இருந்த ஷாட்தான் மாறியது. உங்கள் நடிகர் பெரிதாக நடிக்கக்கூட வேண்டாம். சும்மா உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். அந்த முகம் உங்கள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்படி எடுப்பது? ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மீராவிடம் இரவல் வாங்கிய நோட்டை சுதா திருப்பித் தருகிறாள். நடுவில் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. "எல்லாம் இருக்கா, பார்த்துக்கோ" என்கிறாள் சுதா. மீரா புரட்டுகிறாள், கிழிந்த இடத்தில் கை நிற்கிறது. "இருக்கு" என்கிறாள்.

இதற்கு நான்கு ஷாட் போதும். இருவரும் தெரியும் மாஸ்டர், மீராவின் க்ளோசப், சுதாவின் க்ளோசப், நோட்டின் மேல் இருக்கும் கை. கை ஷாட்டைத் தவிர மற்ற மூன்றிலும் காட்சியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை முழுதாக ஓட விடுங்கள். மீராவின் க்ளோசப்பில் சுதாவின் வசனம் வரும்போதும் கேமரா மீராவின் மேலேயே இருக்கட்டும். ஃப்ரேமுக்கு வெளியே இருக்கும் சுதா நிஜமாகவே வசனத்தைச் சொல்ல வேண்டும். பதிவு தொடங்கி ஐந்து வினாடி கழித்து 'ஆக்ஷன்', வசனம் முடிந்து ஐந்து வினாடி கழித்து 'கட்'. அந்த அமைதியில்தான் நல்ல பார்வைகள் கிடைக்கும்.

இப்போது எடிட்டிங்கில் பாருங்கள். "பார்த்துக்கோ" என்ற சொல் முடிவதற்கு முன்பே மீராவின் முகத்துக்குப் போய்விடலாம், சுதாவின் குரல் அதன் மேல் ஓடும். கை நோட்டை நோக்கி நகரத் தொடங்கியதும் கை ஷாட்டுக்கு வெட்டுங்கள். அசைவின் நடுவில் வெட்டினால் வெட்டு கண்ணுக்குத் தெரியாது. கை நின்றதும் மீராவைக் காட்டாதீர்கள், சுதாவைக் காட்டுங்கள். அவள் மீராவைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். "இருக்கு" என்ற சொல் சுதாவின் முகத்தின் மேல் விழட்டும். வசனத்தில் ஒரு எழுத்து மாறாமல், கதை குற்ற உணர்ச்சியின் கதையாகிவிட்டது. எனக்கு எடிட்டிங்கில் பிடித்ததே இந்த இடம்தான்.

அடுத்து, லைன். இருவருக்கும் நடுவே தரையில் ஒரு நேர்கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மீரா எப்போதும் வலப்பக்கமும் சுதா எப்போதும் இடப்பக்கமும் பார்ப்பார்கள். கோட்டைத் தாண்டி எடுத்த ஷாட் நடுவில் வந்தால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே புரியாது. சேரவில்லை என்று நீங்கள் சொல்வதில் பாதி இதுவாகவே இருக்கலாம், போய்ப் பாருங்கள். சந்தேகம் வந்தால் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். அதேபோல் ஒரே ஆளை அடுத்தடுத்த ஷாட்டில் காட்டுவதென்றால் கேமராவைக் குறைந்தது 30 டிகிரி நகர்த்துங்கள், ஃப்ரேமில் ஆள் தெரியும் அளவையும் மாற்றுங்கள். கொஞ்சமாக நகர்த்தினால் படம் துள்ளும்.

கன்டினியூட்டிக்கு, அதாவது ஒரு ஷாட்டில் இருந்த கையும் பொருளும் அடுத்த ஷாட்டிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, உங்களிடம் தனி ஆள் இல்லை. இருவர் நடித்தால் பின்னால் மூவர்தான்: இயக்கம், கேமரா, சவுண்ட். அதனால் எந்தச் சொல்லில் எந்தக் கை நகர்கிறது என்பதை நடிகர்களே ஸ்கிரிப்டில் எழுதிவைத்துக்கொள்ளட்டும். கேமரா இடம் மாறும்போதெல்லாம் வேறொரு ஃபோனில் மேஜையைப் படம் எடுத்துவையுங்கள். இயக்குபவர் கேமராவைக் கையில் வைத்திருக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. ஃப்ரேமைப் பார்க்கிற கண்ணால் நடிப்பைப் பார்க்க முடியாது.

வசனம் கேட்காததற்குக் காரணம் ஃபோனின் தரம் அல்ல, தூரம். கேமரா ஆறடி தள்ளி இருந்தால் அதன் மைக்கும் ஆறடி தள்ளித்தானே இருக்கிறது! இன்னொரு ஃபோனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, பேசுபவரிடமிருந்து ஒன்றரை அடிக்குள், ஃப்ரேமில் தெரியாதபடி வையுங்கள். மேஜைக் காட்சிதானே, புத்தகத்துக்குப் பின்னால் மறைத்துவிடலாம். ஒவ்வொரு டேக்கின் (ஒரு ஷாட்டை ஒருமுறை எடுப்பது ஒரு டேக்) தொடக்கத்திலும் கேமராவுக்கு முன்னால் ஒருவர் கை தட்டட்டும். கைகள் சேரும் ஃப்ரேமையும் அந்தச் சத்தத்தையும் டைம்லைனில் பொருத்தினால் குரல் உதட்டோடு சேர்ந்துவிடும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். நான் முதன்முதலில் எடுத்த காட்சியில் அணைக்க மறந்தேன், ஒவ்வொரு வெட்டிலும் காற்றுச் சத்தம் ஏறி இறங்கி அந்தக் காட்சியே வீணானது. கிளம்புவதற்கு முன் எல்லோரும் அசையாமல் இருந்து அந்த அறையின் அமைதியை 30 வினாடி பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் அதை அடியில் ஓடவிட்டால் வெட்டுகளுக்கு நடுவே காது இடறாது.

ஃபோன் அமைப்புகளில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் தானாக மாறாதபடி லாக் செய்யுங்கள், இல்லையென்றால் ஒரே டேக்கிலேயே தெளிவும் வெளிச்சமும் நிறமும் மாறும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் நாடுகளில் வினாடிக்கு 25 ஃப்ரேம், 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 ஃப்ரேம் வைத்தால் விளக்கு மினுக்கும் தொல்லை குறையும். ஜூம் வேண்டாம், நடந்து கிட்டே போங்கள். எடுத்ததை மெசேஜ் ஆப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும், கேபிளில் இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள்.

எடிட் செய்ய டாவின்சி ரிசால்வ் என்ற கணினி மென்பொருளின் இலவசப் பதிப்பே தாராளம். கணினி மெதுவாக இருந்தால் ஃபோனில் இருக்கும் எந்த ஆப்பும் சரிதான். முதலில் படத்தை மறந்து, குரலை மட்டும் கேட்டு வசனங்களை வரிசைப்படுத்துங்கள், மூச்சுவிடும் இடங்களைச் சரி செய்யுங்கள். அப்புறம் யார் முகம் எங்கே என்று முடிவு செய்யுங்கள். இசையைக் கடைசி நாள் வரை சேர்க்காதீர்கள், அது குறைகளை உங்கள் கண்ணிலிருந்தே மறைத்துவிடும். இன்னொன்று, மூன்று நிமிடத்தை ஒன்றரை நிமிடமாகச் சுருக்குங்கள். படப்பிடிப்புக்கு இருக்கும் அதே நேரத்துக்குள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இரண்டு மடங்கு டேக் கிடைக்கும்.

ரஃப் கட் (முதல் கட்ட எடிட்) தயாரானதும் கதை தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். அவர் கண் எந்த வினாடியில் திரையை விட்டு விலகுகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய பத்து வினாடியைத் திறந்து அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.