ஒற்றைச் செருப்பை எப்படிப் படம் எடுப்பது?

கேள்வி: மாதம் இரண்டு முறை மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு பைக்கில் போய் வருகிறேன். வழியில் ஒற்றைச் செருப்பு, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில், பொம்மை என்று யாரோ தவறவிட்டவை கிடக்கின்றன. செல்போனில் எடுத்தால் குப்பையைப் படம் எடுத்த மாதிரி இருக்கிறது. கொஞ்சம் நகர்த்தி வைத்து எடுக்கலாமா?

பதில்: நகர்த்தாதீர்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இர்விங் பென் 1972இல் நியூயார்க் தெருக்களில் கிடந்த சிகரெட் துண்டுகளை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார். 1975இல் அந்த நகரத்தின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலேயே அவை காட்சிக்கு வந்தன. அவருக்குத் துண்டு மட்டும் போதும், இடம் தேவைப்படவில்லை. உங்கள் விஷயம் வேறு. பரமக்குடி தாண்டி, சீமைக் கருவேலம் தவிர எதுவும் இல்லாத இடத்தில் ஒரு பிள்ளையின் செருப்பு கிடந்தால், ‘இது எப்படி இங்கே வந்தது?’ என்றுதான் யாருக்கும் தோன்றும். அதை எடுத்து அழகான இடத்தில் வைத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

குப்பை மாதிரித் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் நின்றபடியே எடுப்பதுதான். மேலிருந்து பார்த்தால் எதுவுமே குப்பைதான். குத்தவைத்து உட்காருங்கள். செல்போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வரும். பொருளுக்குப் பின்னால் சாலை, மரம், தூரத்தில் வரும் பஸ் எல்லாம் படத்துக்குள் வந்துவிடும். பக்கத்தில் மஞ்சள் தலை மைல்கல் இருந்தால் விடாதீர்கள். தேசிய நெடுஞ்சாலை என்று சொல்லாமலே தெரிந்துவிடும்.

அப்புறம் தார். கறுப்புத் தார் படத்தை நிறைத்தால் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெளிர் நிறப் பொருள் வெளுத்துப்போகும். திரையில் பொருளைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள்.

காலை ஏழரைக்குள் எடுத்தால் பாதி வேலை முடிந்தது. மானாமதுரைப் பக்கம் ஒருமுறை நீல ஹவாய் செருப்பு ஒன்றை எடுத்தேன். அறுந்த வாரை ஊக்கு குத்தி ஒப்பேற்றியிருந்தார்கள். சாய்ந்த வெயிலில் அந்த ஊக்கு மின்னியது. கட்டைவிரல் அழுத்தி அழுத்தி விழுந்த குழியில் நிழல் தேங்கியிருந்தது. மத்தியானம் திரும்பி வரும்போதும் அது அங்கேயே கிடந்தது. மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு ரப்பர் துண்டு, அவ்வளவுதான்.

இன்னொன்று, கிடப்பதெல்லாம் தொலைந்தது இல்லை. முச்சந்தியில் குங்குமம் தடவிய எலுமிச்சையும் பூசணியும் திருஷ்டி கழித்துப் போட்டவை. வழிநெடுக உதிர்ந்து கிடக்கும் சாமந்தியும் ரோஜாவும் இறுதி ஊர்வலம் போன தடம். இவற்றை ‘தொலைந்தவை’ என்று உங்கள் வரிசையில் சேர்த்தால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். செருப்புக்குப் பக்கத்தில் கண்ணாடித் தூளும் தாரில் போட்ட அடையாளக் கோடும் இருந்தால் அது விபத்து நடந்த இடம். அங்கே நான் போனை வெளியே எடுப்பதில்லை.

பர்ஸ், அடையாள அட்டை கிடந்தால் படம் இருக்கட்டும், பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். கண்டெடுத்து உங்கள் வசம் வைத்துக்கொண்டால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 71ஆவது பிரிவின்படி அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உங்களுடையது. பெயரும் முகமும் தெரிகிற படத்தை எங்கேயும் போட வேண்டாம். கேட்பாரற்றுக் கிடக்கும் பை, பெட்டி என்றால் தொடாமல் தள்ளி நின்று 112க்குச் சொல்லிவிடுங்கள்.

வண்டியை வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண் தரையில் இறக்கி நிறுத்துங்கள். பாலத்திலும் வளைவிலும் நிற்கவே கூடாது. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். நான்கு வழிச் சாலையின் நடுத் திட்டில் கிடப்பது எவ்வளவு அருமையான பொருளாக இருந்தாலும் உங்களுக்கு இல்லை என்று விட்டுவிடுங்கள்.

சரி, எடுத்தாயிற்றா? கிளம்புவதற்கு முன் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில், எத்தனை மணிக்கு என்று போனிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இருபது படம் சேர்ந்த பிறகு எல்லாச் செருப்பும் ஒரே செருப்பு மாதிரித்தான் இருக்கும்.