முதலில் கழுவுங்கள், மஞ்சள் அப்புறம்: கொல்லைக் கோழி, வாத்துக் காயங்கள் பற்றிக் கேள்வி பதில்

மதுரை மாவட்டம் வாடிப்பட்டிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் 22 வருடமாகக் கோழி வளர்க்கிறேன். இப்போது சிறுவிடை நாட்டுக்கோழி 35, வாத்து 9. நான் மருத்துவர் இல்லை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர் இருந்தார்; பாதி அவரிடம் கற்றது, மீதி கோழிகளைச் சாகக் கொடுத்துக் கற்றது. வீட்டிலேயே பார்க்கக்கூடிய சின்னக் காயங்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். சின்னதும் வந்தது, சின்னது என்று நினைத்துக் கேட்ட பெரியதும் வந்தது.

மேலூரிலிருந்து: அக்கா, நேற்று கீரி புகுந்துவிட்டது. ஒரு பெட்டைக்கு முதுகுத் தோல் உள்ளங்கை அகலம் பிய்ந்து சதை தெரிகிறது. மஞ்சள் தூளை நல்லெண்ணெயில் குழைத்து அப்பிவிட்டேன். இரை எடுக்கவில்லை. பிழைக்குமா?

பிழைக்கும் தம்பி, பெரும்பாலும். கோழித் தோல் காகிதம் மாதிரி மெல்லிசு. பார்க்கப் பயங்கரமாகக் கிழியும், ஆனால் வேகமாக மூடிக்கொள்ளும். உங்கள் மஞ்சளில் குற்றம் இல்லை, கழுவாமல் அப்பியதுதான் குற்றம். உள்ளே மண்ணும் இறகும் கீரியின் எச்சிலும் இருக்க, மேலே மஞ்சள் மூடி போட்டாயிற்று. அதை எடுத்தாக வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். 9 கிராம் உப்பு போடுங்கள். தூள் உப்பு என்றால் தலை தட்டிய ஒன்றரை டீஸ்பூன். மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்சு வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, காயத்தின் மேல் பீய்ச்சுங்கள். துணியால் தேய்க்க வேண்டாம். பீய்ச்சுகிற தண்ணீர் அழுக்கில்லாமல் வடிகிற வரை விடக்கூடாது, அரை லிட்டராவது செலவாகும். சுற்றியிருக்கும் இறகைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டுங்கள், பிடுங்கினால் தோல் இன்னும் கிழியும். அப்புறம் கிருமியைக் கொல்லும் போவிடோன் அயோடின் கரைசலைத் தண்ணீரில் கலந்து, பால் ஊற்றாத லேசான டீ நிறத்துக்கு வந்ததும் அதை ஊற்றிவிடுங்கள். காலையும் மாலையும் இதே வேலை. மஞ்சள் போட்டே தீர வேண்டும் என்றால் கழுவிய பிறகு கொஞ்சமாகப் போடுங்கள், நான் தடுக்கவில்லை.

எனக்குக் கிழிசலைவிடப் பல் பதிந்த ஓட்டைதான் பயம். வெளியே மிளகு அளவு இருக்கும், உள்ளே விரல் நீளம் போயிருக்கும். பூனைக் கடி இன்னும் மோசம், அதன் வாயில் இருக்கும் கிருமி ஒன்றிரண்டு நாளில் கோழியை முடித்துவிடும். இறகை ஊதி ஊதி உடம்பு முழுக்கப் பாருங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ ஓட்டை இருந்தால், இரைப்பை கிழிந்து தீனி வெளியே வந்தால், தோலுக்கு அடியில் காற்று ஏறிப் பலூன் போல உப்பினால், வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

இரை எடுக்காதது அதிர்ச்சியால். அட்டைப் பெட்டியில் வைக்கோல் போட்டு, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை கலந்து வைத்தால் போதும். வாயைத் திறந்து ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

இன்னொன்று, இது என் சொந்தப் பாவம். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. முதல் வருடம் ஒரு பெட்டைக்குக் கட்டுப் போடும்போது திமிறுகிறதே என்று நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். அடங்கிவிட்டது, நல்ல பிள்ளை என்று நினைத்தேன். செத்திருந்தது. பழைய துண்டால் இறக்கையை மட்டும் தளர்வாகச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லாபுரம், மொட்டை மாடியில் நான்கு கோழி: நகம் பிய்ந்து ரத்தம் நிற்கவில்லை. சுண்ணாம்பு வைக்கலாமா?

வேண்டாம், வெந்துவிடும். சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். அப்புறம் சோளமாவோ மைதாவோ அழுத்தி வையுங்கள். பாதி வளர்ந்த இறகு ஒடிந்தாலும் குழாய் மாதிரி ரத்தம் வடியும், அதற்கும் இதேதான்.

திருமங்கலம்: ஒரு கோழிக்கு வால் பக்கம் சின்னக் காயம். மற்றவை எல்லாம் சேர்ந்து கொத்திக் கொத்திக் குழியாக்கிவிட்டன. இவ்வளவு கொடுமையா கோழி?

கொடுமை இல்லைம்மா, சிவப்பைக் கண்டால் கோழிக்குக் கொத்தத்தான் தோன்றும். காயம்பட்டதை அன்றைக்கே பிரிக்க வேண்டும், இரண்டு நாள் கழித்து அல்ல. ஆனால் கண்ணில் படாத இடத்தில் ஒதுக்கினால், ஆறித் திரும்பி வரும்போது புதுக் கோழி என்று அடிக்கும். பஞ்சாரத்தில், அதாவது கோழி கவிழ்க்கிற கூடையில், கவிழ்த்து மற்றவற்றின் நடுவிலேயே வையுங்கள், அல்லது கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் இவை. பஞ்சாரம் ஓட்டை பெரிதாக இருந்தால் உள்ளே கொத்துவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொத்து ஏன் தொடங்கியது என்பதையும் யோசியுங்கள். இடநெருக்கடி, சித்திரை வெயில், வெறும் குறுணையும் நொய்யுமாகப் போட்டுப் புரதம் இல்லாமல் வளர்ப்பது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். கடலைப் புண்ணாக்கு கொஞ்சம் சேருங்கள். பழைய பானையில் சாணமும் ஓலையும் திணித்துத் தண்ணீர் தெளித்து, புற்றுப் பக்கம் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும், அதைக் கோழிக்குப் போடுங்கள். என் மாமியார் செய்தது, நானும் செய்கிறேன். முதுகு மட்டும் மொட்டையாகிக் கீறல் இருந்தால் அது சேவல் வேலை. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டையாவது வேண்டும்.

சோழவந்தான்: அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய விட்டோம். இரண்டு நொண்டுகின்றன. பிடித்துப் பார்த்தால் ஒன்றுக்கு உள்ளங்காலில் கறுப்புப் பொட்டு, வீக்கம். இன்னொன்றுக்கு ஒன்றும் தெரியவில்லை.

முதலில், எப்படிப் பிடித்தீர்கள்? கோழியைப் பிடிக்கிற மாதிரி வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்கினால் அந்தக் கால் போய்விடும், வாத்துக்குக் கால் அவ்வளவு பலவீனம். இறக்கையோடு சேர்த்து ஒரு கையால் அணைத்து, அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்க வேண்டும்.

ஒன்றும் தெரியாத காலை நல்ல வெளிச்சத்தில் விரலிடுக்கு விரலிடுக்காகப் பாருங்கள். தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் தோலுக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. கண்மாய்ப் பக்கம் மேய்கிற வாத்துக்கு இது சகஜம். சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்து உப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். தூண்டில் முள்ளே தைத்திருந்தால் வந்த வழியில் இழுக்காதீர்கள், கொக்கி சதையைக் கிழிக்கும். முனையை முன்னே தள்ளி வெளியே வரவைத்து, கொக்கியைக் குறட்டால் வெட்டிவிட்டு மீதியைப் பின்னால் உருவுங்கள். நரம்பு வாய்க்குள் போயிருந்தால் தொடவே வேண்டாம், மருத்துவர்தான்.

இனி அந்தக் கறுப்புப் பொட்டு. சீமைக் கருவேல முள் குத்தியோ, கல்லில் தேய்ந்தோ உள்ளே கிருமி போயிருக்கிறது. எல்லோரும் பிளேடை எடுத்துக் கீறிச் சீழைப் பிதுக்கப் பார்ப்பார்கள். வராது. பறவைச் சீழ் நம்முடையது போல வடியாது, பனீர்த் துண்டு மாதிரி கெட்டியாகிவிடும். நம் வெள்ளணுவில் சீழை இளக்கும் நொதி ஒன்று உண்டு, பறவைக்கு அது இல்லை. பிதுக்கினால் உள்ளே தள்ளி எலும்பு வரை போகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தினம் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, அயோடின் போட்டு, துணி சுற்றிக் காய்ந்த வைக்கோலில் நிறுத்துங்கள். முள் நுனி தெரிந்தால் மட்டும் இடுக்கியால் எடுங்கள். ஒரு வாரத்தில் வீக்கம் குறையவில்லை, அல்லது கணுவுக்கு மேல் ஏறுகிறது என்றால் மருத்துவர் கீறட்டும்.

கால் ஆறும் வரை நீச்சல் வேண்டாம். இப்படிச் சொன்னதும் சிலர் தண்ணீரையே எடுத்துவிடுகிறார்கள். வாத்துக்குத் தலை முங்குகிற ஆழத்துக்காவது ஒரு பாத்திரம் இருக்க வேண்டும். மூக்கையும் கண்ணையும் அலசாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

உசிலம்பட்டி: அடைக்கோழிக்கு எச்சத் துவாரம் பக்கம் புழு வைத்துவிட்டது. பெட்ரோல் விடச் சொல்கிறார்கள்.

சொன்னவர் தன் காலில் விட்டுப் பார்க்கட்டும். பெட்ரோல், பினாயில், பாச்சை உருண்டை, பூச்சி மருந்துத் தூள் எதுவும் வேண்டாம். கோழி அலகால் இறகைக் கோதி அத்தனையையும் விழுங்கும்.

அந்த இடத்து இறகை வெட்டி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். புழு மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும், குறுக்கு வழி இல்லை. கடைசியில் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் கற்பூரம் கரைத்துக் காயத்தின் ஓரத்தில் தடவினால் ஈ அண்டாது. ஈ முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும் என்பதால், இன்று சுத்தம் என்று விடாமல் மூன்று நாள் காலையும் மாலையும் பாருங்கள். ஆறும் வரை வலை கட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். முட்டையை வேறு அடைக்கோழிக்கு மாற்றிவிடுங்கள். கழிச்சல் ஒட்டி ஈரமாக இருந்துதான் ஈ வந்திருக்கும், கழிச்சல் ஏன் என்றும் பாருங்கள்.

மதுரை, அண்ணாநகர்: வலிக்கு வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. மாட்டுக்குப் போட்ட அந்த மருந்தால்தான் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006ல் கால்நடைகளுக்கு அதை அரசு தடை செய்தது. கோழிக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலி தெரியாமல் இருக்க மரக்கச் செய்யும் களிம்புகளும் வேண்டாம், சின்ன உடம்புக்கு அளவு மீறிவிடும். நைட்ரோஃபியூரசோன் களிம்பு பல வீட்டில் கிடக்கிறது, அது முட்டைக்கும் கறிக்கும் வளர்க்கும் பறவைக்கு ஆகாது. மருத்துவர் எந்த மருந்து கொடுத்தாலும், முட்டையை எத்தனை நாள் தின்னக்கூடாது என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

அதே ஊர், இன்னொருவர்: தெருநாய் கடித்த சேவலுக்கு வெறிநாய் ஊசி போட வேண்டுமா?

சேவலுக்கு வேண்டாம், அது பாலூட்டிகளுக்கு வரும் நோய். உங்கள் கையில் கீறல் இருந்து நாய் எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நீங்கள் மருத்துவமனைக்குப் போங்கள்.

அலங்காநல்லூர்: சண்டை போட்டுக் கொண்டையெல்லாம் கறுப்புப் பொருக்கு. தினமும் உரித்துவிட்டு மருந்து போடுகிறேன், இன்னும் கூடுகிறது.

உரிக்காதீர்கள். அது சண்டைக் காயம் இல்லை, அம்மை. கொசு பரப்புகிற வைரஸ். நீங்கள் உரித்துப் போடுகிற பொருக்கில்தான் அது உயிரோடு இருக்கிறது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவி விடுங்கள், மூன்று நான்கு வாரத்தில் தானாக உதிரும். வாய்க்குள் மஞ்சளாகப் படலம் கட்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவற்றுக்குத் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம்.

பேரையூர்ப் பக்கம்: கூட்டிலிருந்து விழுந்து கழுத்து சுளுக்கிக்கொண்டது. எண்ணெய் போட்டு நீவினால் சரியாகுமா? பச்சையாகவும் கழிகிறது.

நீவ வேண்டாம். கழுத்துத் திருகலும் பச்சைக் கழிச்சலும் சேர்ந்தால் வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட்டாக இருக்கலாம். இப்போதே தனியாகப் பிரித்துவிட்டு, கால்நடை மருத்துவ உதவி எண் 1962க்குப் போன் பண்ணுங்கள்.

கள்ளிக்குடி: ஆட்டுக்குட்டி மிதித்துக் குஞ்சுக்குக் கால் ஒடிந்துவிட்டது. பத்து நாள் குஞ்சு.

செதில் தெரிகிற கீழ்க்கால்தான் என்றால் வீட்டிலேயே கட்டலாம். ஜூஸ் குடிக்கிற குழலை நீளவாக்கில் பிளந்து, ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, உள்ளே பஞ்சு ஒற்றிக் காலில் மாட்டிக் காகித டேப் சுற்றுங்கள். விரல் சில்லிட்டாலோ நிறம் மாறினாலோ இறுக்கம் அதிகம். குஞ்சு வளருமே, அதனால் நான்கு நாளுக்கு ஒருமுறை பிரித்துக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் கூடிவிடும். தொடை எலும்பு என்றால் கட்டு நிற்காது. எலும்பு வெளியே குத்தி நின்றாலும் வீட்டில் தொடாதீர்கள்.

மேலூர்த் தம்பி, நான்கு நாள் கழித்து: அக்கா, நீங்கள் சொன்னபடி கழுவினேன். இரை எடுக்கிறது. ஆனால் காயத்தைச் சுற்றி ஒரே பச்சையாக இருக்கிறது. அழுகிப் போச்சா?

பயப்படாதீர்கள், அது கன்றிப் போன ரத்தம். நமக்கு ஊமைக்காயம் நீலமாகி மஞ்சளாகும், கோழிக்குப் பச்சையாகும். ரத்தம் சிதைவதில் அந்தப் பச்சைக் கட்டத்தைத் தாண்டும் நொதி அதற்கு இல்லை. இன்னும் ஒரு வாரத்தில் மங்கிவிடும். நிறத்தை விடுங்கள், மோந்து பாருங்கள். நாற்றம் இல்லை, ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை வருகிறது என்றால் ஆறுகிறது. கழுவுவதை இனி ஒரு வேளையாகக் குறைக்கலாம். கீரி வந்த ஓட்டையை அடைத்தீர்களா? அது மறுபடியும் வந்து பார்க்கும்.