பைக் கேள்வி பதில்: லாரி முதுகுல ஒட்டாதீங்க

கேள்வி: பெரிய லாரி பின்னாடி மாட்டிக்கிட்டா முன்னாடி எதுவுமே தெரிய மாட்டேங்குது சார். கிட்ட போய் ஒட்டிக்கிட்டு, தலைய மட்டும் நீட்டிப் பாத்துட்டு முறுக்கிடுவேன். போன வாரம் அப்படி வெளிய வந்தா எதிர்ல பஸ், மயிரிழைல தப்பிச்சேன். இன்னும் பவரான பைக் வாங்கினா சரியாயிடுமா?

பதில்: வாங்காதீங்க, காசு மிச்சம். கோளாறு இன்ஜின்ல இல்ல, நீங்க இருக்கிற இடத்துல. உள்ளங்கைய மூக்குகிட்ட வச்சுப் பாருங்க, எதிர் செவுரே காணாம போயிடும், அதே கைய நீட்டிப் பிடிச்சா ரூம்ல முக்காவாசி தெரியும். லாரி முதுகும் அப்படித்தான். ரெண்டு செகண்ட் தள்ளியே வாங்க, 60 கிலோமீட்டர் வேகத்துல அது சுமார் 33 மீட்டர். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். இடது பக்கம் ஓட்டுற ரோடுன்னா, இடது வளைவுல லேனோட இடது ஓரத்துக்குப் போனா லாரிக்கு இடப்பக்கமா தூரம் வரைக்கும் தெரியும், வலது வளைவுல சென்டர் லைன் பக்கம் நகருங்க, ஆனா எதிர்ல வண்டி வந்தா உடனே உள்ள வந்துடணும், பார்வைய விட உயிர் முக்கியம் இல்லையா. லாரியோட சைடு மிரர்ல டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியலன்னா அவருக்கும் உங்களத் தெரியாது.

அப்புறம், வெளிய வர்றது வேற, முறுக்குறது வேற. நீங்க ரெண்டையும் ஒண்ணா செய்றீங்க, அதான் வினை. ரோடு காலின்னு தெரிஞ்சு, மிரர், தோளுக்குப் பின்னாடி எல்லாம் பாத்துட்டு, அதே வேகத்துல வலப்பக்கம் நகருங்க. அங்க இருந்து இன்னொரு தடவை முழு ரோட்டையும் பாருங்க. சைடு ரோட்டுல மூக்க நீட்டுற கார் கூட அப்போதான் கண்ணுல படும். சரியில்லன்னா பழைய இடத்துக்கே திரும்பிடலாம், ஏன்னா நீங்க விட்ட இடைவெளி இன்னும் லாரி பின்னாடி அப்படியே இருக்கு.

கணக்கையும் பாத்துடுங்க. 60ல போற 12 மீட்டர் லாரிய 80ல தாண்ட, பின்னாடி விட்ட 33 மீட்டர், முன்னாடி உள்ள வர ஒரு 10 மீட்டர் சேத்து 55 மீட்டர் கூடுதலா போகணும், சுமார் 10 செகண்ட் ஆகும். அதுக்குள்ள நீங்க 220 மீட்டர், எதிர்ல 80ல வர்றவரும் 220 மீட்டர். ஆக 440 மீட்டர் காலியா தெரியணும், அதுவும் சொட்டு மிச்சம் இல்லாத கணக்கு.

கேள்வி: குரூப்பா போகும்போது முன்னாடி போற நண்பர் தாண்டிட்டு "வா வா"ன்னு கை காட்டுவார். நம்பிப் போலாமா?

பதில்: கூடாது. அவர் பாத்த கேப் அவருக்கானது, நீங்க வர்றதுக்குள்ள அது சுருங்கிடும். அவர் கை காட்டுறத விட்டுட்டு, தாண்டினதும் வேகத்த குறைக்காம போய் உள்ள வர உங்களுக்கு இடம் விடச் சொல்லுங்க.