சிங்கர்களின் போர் நியாயமானதா?

கேள்வி இதுதான்: ஃபேன்டசி கதைகளில், அடிமைகளாக இருந்த பூர்வகுடிகள் விடுதலையானதும் தொடுக்கும் போரை நியாயம் என்று சொல்லலாமா?

எந்தக் கதை என்று சொல்லாமல் பதில் எழுதினால் அது வெறும் வாய்ப்பந்தல். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: பிராண்டன் சாண்டர்சன் எழுதிய ஸ்டார்ம்லைட் ஆர்கைவ் என்ற நாவல் வரிசை. முதல் நாவல் 2010ல் வந்தது. 2017ல் வந்த மூன்றாவது நாவல் வரைக்கும் கதையின் முக்கியமான முடிச்சுகளை எல்லாம் அவிழ்க்கப் போகிறேன், படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் பதில்: ஆயுதம் எடுக்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. ஆனால் நடந்த போர் அவர்கள் கையில் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இதைப் பற்றிய சண்டை ஓய்வதே இல்லை.

கதை சுருக்கமாக. ரோஷார் என்ற உலகத்தின் மண்ணின் மைந்தர்கள் சிங்கர்கள். மனிதர்கள் தங்கள் சொந்த உலகத்தை நாசமாக்கிவிட்டு அங்கே அகதிகளாக வந்தவர்கள். சிங்கர்கள் ஒதுங்க இடம் கொடுத்தார்கள். வந்தவர்கள் கொடுத்த இடத்தோடு நிற்கவில்லை, மிச்சத்தையும் பிடித்துக்கொண்டார்கள். பல யுத்தங்களுக்குப் பிறகு, ஒரு போரின் முடிவில் சிங்கர்களில் பெரும்பாலோருக்கு யோசிக்கும் திறனே போய்விடுகிறது. சொன்னதைச் செய்யும் ஊமைகளாகிவிட்ட அவர்களுக்கு பார்ஷ்மென் என்று பேர் வைத்து, தலைமுறை தலைமுறையாக வாங்கி விற்று வேலை வாங்குகிறார்கள். இரண்டாவது நாவலின் முடிவில் எவர்ஸ்டார்ம் என்ற புயல் கிளம்புகிறது, அது கடந்துபோகும் இடமெல்லாம் பார்ஷ்மென்களுக்குப் புத்தி திரும்புகிறது.

அப்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். மனிதர்கள் எல்லோரும் கொலைவெறிக் கூட்டம் கிளம்பிவிட்டது என்று நடுங்குகிறார்கள். கதாநாயகன் கலாடின் உளவு பார்க்கப் போகிறான், போன இடத்தில் ஒரு சின்னக் கூட்டம் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறது. சோறு எங்கே கிடைக்கும், எங்கே ஒதுங்கலாம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில்தான் சா என்ற அப்பாவும் வாய் என்ற அவன் சின்ன மகளும் இருக்கிறார்கள். வேறொரு பக்கம் தேலன் நகரத்து பார்ஷ்மென்கள் துறைமுகத்துக் கப்பல்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். திருட்டு என்று அந்த ஊர் வியாபாரிகள் புலம்பலாம். பல தலைமுறைக் கூலி பாக்கிக்கு ஒரு கப்பல் படை ரொம்ப மலிவு என்பேன்.

இந்தக் கட்டத்தில் சாவின் ஆட்கள் ஒரு ஊரை அடித்துப் பிடித்து, இனி இது எங்களுடையது என்று உட்கார்ந்திருந்தால்கூட நான் அவர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன். "அந்தக் காலத்து மனிதர்கள் செய்த தப்புக்கு இப்போது இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?" என்று சிலர் கேட்பது உண்டு. நிலம் பறிபோன கதைக்கு வேண்டுமானால் இந்தக் கேள்வி பொருந்தும், அது பல ஆயிரம் வருடத்துப் பழைய கணக்கு. அடிமைத்தனத்துக்குப் பொருந்தாது. சாவை அடிமையாக வைத்திருந்த எஜமானின் காலம் போன வாரம்தான் முடிந்தது.

சரி, அப்புறம் ஏன் "அவர்கள் கையில் இல்லை" என்கிறேன்? புத்தி திரும்பியவர்களை அவர்கள் போக்கில் விடவில்லை. ஓடியம் என்ற கடவுளும், ஃபியூஸ்டு என்ற பழங்காலத்து சிங்கர் ஆவிகளும் வந்து மேலே உட்கார்ந்துகொள்கிறார்கள். ஃபியூஸ்டுகளுக்கு உடம்பு வேண்டும். அதற்கு உயிரோடு இருக்கும் ஒரு சிங்கர் இடம் கொடுக்க வேண்டும், கொடுத்தவர் அத்தோடு செத்துப்போவார். வென்லி என்ற சிங்கர் பெண்ணின் கூட இருந்தவர்களை "உங்களுக்குப் பெரிய மரியாதை காத்திருக்கிறது" என்கிற மாதிரி ஏமாற்றி உடம்பை எடுத்துக்கொள்கிறார்கள். சாவின் கூட்டத்துக்கு இன்னும் கேவலம். கலாடினைக் கூட வைத்திருந்தார்கள் என்ற குற்றத்துக்காக அவர்களை அடித்து, மனிதர்களின் கோலினார் நகர முற்றுகையில் ஏணி தூக்கிக்கொண்டு முன்னால் ஓடும் படையில் தள்ளுகிறார்கள். முதல் நாவலில் மனித அடிமைகளைப் பாலம் தூக்க வைத்து அம்புக்கு இரையாக்கினார்களே, அதே வேலை. கடைசியில் அரண்மனைச் சண்டையில் சா சாகிறான். ஒரு பக்கம் சா, இன்னொரு பக்கம் தன்னோடு சாப்பிட்ட நகரக் காவலர்கள், ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வதைப் பார்த்து கலாடின் கை ஓடாமல் நின்றுவிடுகிறான். அந்த அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு சாண்டர்சன் மேல் பயங்கரக் கோபம்.

"பார்த்தீர்களா, தீய கடவுளோடு சேர்ந்துவிட்டார்கள், அதனால் அவர்கள் பக்கம் நியாயம் இல்லை" என்று உடனே சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஓடியம் வேண்டாம் என்று சொன்ன சிங்கர்களும் அதே உலகத்தில் இருந்தார்களே! லிஸனர்கள் என்று ஒரு கூட்டம், பழைய கடவுள்களை விட்டு ஓடிவந்து, மந்தமான வடிவத்தை (சிங்கர்களால் உடல் வடிவத்தை மாற்றிக்கொள்ள முடியும்) வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு ஒளிந்து வாழ்ந்தவர்கள். அடிமைகளாகவும் இல்லை. அவர்களிடம் மனித ராஜா கவிலார் போய், உங்கள் கடவுள்களைத் திரும்பக் கொண்டுவரப் போகிறேன் என்கிறான். பயந்துபோய், ஒப்பந்தம் கையெழுத்தான ராத்திரியே அவனைக் கொல்ல வைக்கிறார்கள். அது சரியா என்று தனியாக விவாதிக்கலாம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அதற்குப் பதிலாக மனிதர்கள் நடத்தியது கிட்டத்தட்ட ஆறு வருடப் பழிவாங்கல். பாதி நேரம் பழியைக்கூட மறந்துவிட்டு யார் அதிக ரத்தினக்கல் எடுப்பது என்ற போட்டி. அழிந்துபோகும் நிலைக்கு வந்த பிறகுதான் லிஸனர்களில் பெரும்பாலோர் பழைய கடவுளின் வடிவத்தை எடுத்துக்கொண்டு எவர்ஸ்டார்மை வரவழைக்கிறார்கள். ஓடியத்தை எதிர்த்து நின்றிருக்கக்கூடிய ஒரே சிங்கர் கூட்டத்தை அவன் மடியில் தள்ளியவர்கள் மனிதர்கள். பிறகு "ஏன் அங்கே போனீர்கள்" என்று கேட்க அவர்களுக்கு வாய் இருக்கக்கூடாது.

இங்கே எழுத்தாளர் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. அடிமைகள் எழுந்தால் அவர்கள் தலைக்கு மேல் ஒரு ராட்சசனை உட்கார வைத்துவிடுவது இந்த வகைக் கதைகளின் பழக்கம். வாசகர் நிம்மதியாகக் கதாநாயகன் பக்கம் நிற்கலாம், கஷ்டமான கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. ராட்சசனே இல்லாத நிஜ வரலாறு ஒன்று இருக்கிறது. கரீபியனில் பிரான்ஸின் காலனியாக இருந்த ஹெய்ட்டியில் 1791ல் எழுந்த அடிமைகள் பூர்வகுடிகள் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் வாரிசுகளும். 1804 ஜனவரி 1ல் சுதந்திரம் அறிவித்தார்கள். அதே வருடம் அவர்கள் தலைவர் டெசலீன் உத்தரவின்பேரில், தீவில் மிச்சமிருந்த வெள்ளைக்காரர்களில் பெரும்பாலோரை, பெண்கள் குழந்தைகள் உட்பட, கொன்றார்கள். அதை நியாயப்படுத்த என்னால் முடியாது. ஆனால் நெப்போலியன் அனுப்பிய படையிலிருந்து இந்தப் பக்கம் மாறிவந்த போலந்துக்காரர்களை விட்டுவைத்து, குடியுரிமையும் கொடுத்தார்கள். எதிரி யார் என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனாலேயே அந்தக் குழந்தைகளின் கொலை இன்னும் மோசமாகத் தெரிகிறது. அதற்காக 1791ல் எழுந்ததே தப்பு என்று ஆகிவிடுமா? பிரான்ஸ் அப்படித்தான் நடந்துகொண்டது: 1825ல் போர்க்கப்பல்களோடு வந்து, சொத்தை இழந்த எஜமானர்களுக்காக 15 கோடி பிராங்க் கேட்டது. அந்தச் "சொத்தில்" மனிதர்களும் அடக்கம்.

ஆகவே சிங்கர்கள் விஷயத்தில் நான் இப்படித்தான் பிரிப்பேன். சா வாளெடுத்தது நியாயம். ஃபியூஸ்டுகள் அவனை ஏணி தூக்க வைத்தது அநியாயம். மனிதர்கள் கோலினாரின் மதிலைக் காத்து நின்றதையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை, உள்ளே இருந்த சமையல்காரனும் கைக்குழந்தையும் எங்கே போவார்கள்? ஆனால் மதிலைக் காப்பாற்றியிருந்தாலும் பாக்கி பாக்கிதான். நிலத்தில் பங்கும் விடுதலைக்கு உத்தரவாதமும் கொடுத்து சாவின் ஆட்களோடு முதல் வாரமே யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால், ஓடியத்துக்கு ஆள் சேர்ப்பதே கஷ்டமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்களோடு பேசுவது அவ்வளவு கடினமில்லை.